தூண்கள் மேல் நிற்கும் எங்கள் அடுக்ககம் நிலநடுக்கத்தைத் தாங்குமா?

சென்னையின் தென்புறநகரில், ஒரு காலத்தில் ஏரியாக இருந்து பிறகு மனைகளான பகுதியில், ஓர் அடுக்ககத்தின் உரிமையாளர் சங்கச் செயலாளராக இருக்கும் வாசகர் ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

கட்டடம் 1996இல் கட்டப்பட்டது. தரைத்தளம் முழுவதும் வண்டி நிறுத்தும் ஸ்டில்ட், அதாவது சுவரில்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் தளம். அதன் மேல் நான்கு மாடிகள், மாடிக்கு நான்கு என்று பதினாறு வீடுகள். கட்டித் தந்தவர் தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அனுமதி பெற்ற வரைபடம் இருக்கிறது. தூண், பீம் கம்பி விவரங்கள் அடங்கிய கட்டமைப்பு வரைபடம் யாரிடமும் இல்லை. 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் நிலநடுக்கம் ஏற்பட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடிக்கு மேற்பட்ட கட்டடம் சரிந்த காணொளியைப் பார்த்த பிறகு, குடியிருப்பில் இந்தப் பேச்சு தொடங்கியிருக்கிறது. சங்கத்தின் அழைப்பில் வந்த ஒரு சோதனை நிறுவனம் பன்னிரண்டு இடங்களில் ரீபவுண்ட் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, கான்கிரீட்டின் வலிமை எம்20 என்ற தரத்துக்குக் குறையவில்லை, கட்டடம் நல்ல நிலையில் உள்ளது என்று ஒரு பக்கச் சான்றிதழ் கொடுத்துவிட்டது.

அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று யோசனைகள் கிளம்பியிருக்கின்றன. மேல்மாடிக்காரர் மொட்டை மாடியில் இரண்டு அறைகள் எழுப்ப அனுமதி கேட்கிறார். பொருளாளர், ஸ்டில்ட்டின் பின்பாதியைச் செங்கல் சுவர் வைத்து மூடிக் கூட்ட அறையாக்கினால் கட்டடத்துக்கும் பலம், சங்கத்துக்கும் இடம் என்கிறார். வேறு சிலர், வீண்வேலை எதற்கு, புரமோட்டரிடம் கொடுத்து இடித்துக் கட்டிவிடலாம் என்கிறார்கள். இதற்கிடையில் இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கும் ஓர் அம்மா, வரவேற்பறையில் பீமை ஒட்டி ஓடும் ஒரு விரிசலைப் பார்த்துப் பயந்து, மகள் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறார். செயலாளர் கேட்பவை: எங்கள் கட்டடம் ரிக்டர் அளவில் எத்தனை வரை தாங்கும்? சென்னை பாதுகாப்பான மண்டலம்தானே? 2001, 2004, 2012 ஆகிய ஆண்டுகளில் வந்த அதிர்வுகளில் ஒரு கீறல்கூட விழவில்லையே, அது போதாதா? சான்றிதழ் செல்லுமா? மூன்று யோசனைகளில் எதை ஏற்பது?

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த ஒரு தாளுக்காக முதலில் நன்றி சொல்ல வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு பார்க்கிங்கில் இறங்கி, இருபது தூண்களையும் அளந்து, எந்தப் பக்கம் நீளம், எந்தப் பக்கம் அகலம் என்று கையால் படம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாத் தூண்களும் 9 அங்குலத்துக்கு 18 அங்குலம். ஐந்தைந்தாக நான்கு வரிசை. எல்லாவற்றின் நீண்ட பக்கமும் ஒரே திசையில். உங்களுக்கு வந்த சான்றிதழைவிட இந்தத் தாள் எனக்கு அதிகம் சொன்னது. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

ரிக்டர் எண்ணும் மண்டலமும்

எத்தனை ரிக்டர் தாங்கும் என்ற கேள்விக்கு எந்தப் பொறியாளராலும் பதில் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். அந்த எண், பூமிக்கடியில் வெளிப்பட்ட ஆற்றலின் அளவு. உங்கள் வாசலில் மண் எவ்வளவு ஆடுகிறது என்பது, மையம் எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம், இடையில் என்ன பாறை, வீட்டுக்கு அடியில் என்ன மண் என்பவற்றைப் பொறுத்து மாறும். திருவிழாவில் போடும் அதிர்வேட்டின் மருந்து ஒரே அளவுதான். தேரடியில் நிற்பவருக்குக் காது அடைத்துவிடும், ஊர் எல்லையில் இருப்பவருக்கு ஏதோ பட்டாசு போலக் கேட்கும். கட்டட விதிகள் அதனால்தான் ரிக்டர் எண்ணைப் பேசாமல், அந்த இடத்து நிலம் எந்த அளவுக்கு முடுக்கம் பெறலாம் என்பதைப் பேசுகின்றன.

மண்டலத்தைப் பற்றி உங்களிடம் இருப்பது பழைய தகவல். நிலநடுக்க ஆபத்தைப் பொறுத்து நாட்டை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், எண் கூடக்கூட ஆபத்தும் கூடும். கட்டடம் எழும்பிய 1996இல் சென்னை இரண்டாம் மண்டலத்தில் இருந்தது உண்மை. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரி பகுதியை 6.2 அளவிலான நிலநடுக்கம் தாக்கி ஆயிரக்கணக்கானோர் இறந்தபோது, அந்தப் பகுதி வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலமாக இருந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு தீபகற்ப இந்தியாவின் வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டடங்களை வடிவமைப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893. 2002இல் திருத்தி வெளியிடப்பட்ட அந்த விதியில் முதல் மண்டலம் என்பதே நீக்கப்பட்டு, சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. 1900 பிப்ரவரியில் 6 அளவுக்கு நடுக்கம் கண்ட கோயம்புத்தூர்ப் பகுதியும் மூன்றாம் மண்டலத்தில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் கட்டடம் அன்றைய விதிக்கு உட்பட்டே கட்டப்பட்டிருக்கலாம், கட்டியவர் விதியை மீறியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அன்றைய விதி இன்றையதல்ல. தூண்கள் முறிந்துவிடாமல் வளைந்துகொடுக்கும்படி கம்பி கட்டச் சொல்லும் ஐ.எஸ். 13920 என்ற விதி 1993லேயே வந்துவிட்டது என்றாலும், இரண்டாம் மண்டலச் சென்னைக்கு அது அப்போது கட்டாயமாக இல்லை.

அடுத்து, மூன்று அதிர்வுகளில் கீறல் விழவில்லை என்ற வாதம். 2004 டிசம்பர் 26 காலையிலும், 2012 ஏப்ரல் 11 பிற்பகலிலும் நீங்கள் உணர்ந்தவை சுமத்ரா பக்கத்துக் கடலில், ஏறத்தாழ 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் நிகழ்ந்தவை. அவ்வளவு தூரம் பயணம் செய்யும்போது வேகமான சிறு அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துபோய், மெதுவான நீண்ட ஆட்டம் மட்டும் வந்து சேரும். அந்த ஆட்டத்துக்கு ஒத்து ஆடுபவை உயரமான கட்டடங்கள். பாங்காக்கில், அடியில் மென்களிமண்ணும் இருந்ததால், நிகழ்ந்ததும் இதுதான். ஐந்து தளக் கட்டடத்தின் இயல்பான ஆட்டம் அரை நொடிக்குள் முடிந்துவிடும். அதைச் சோதிப்பவை அருகில் வரும் நடுக்கங்கள். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த 5.5 ஒன்றுதான் ஓரளவு அருகில் வந்தது, அதுவும் நடுத்தரமானது. உங்கள் கட்டடம் தேர்வில் தேறிவிட்டது என்று நினைக்கிறீர்கள். அது இன்னும் தேர்வு மண்டபத்துக்குள் நுழையவே இல்லை.

அகமதாபாத்தில் பார்த்தது

பாங்காக் காணொளியை ஒதுக்கிவைத்துவிட்டு, உங்களுக்கு உண்மையிலேயே உறவான ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். 2001 ஜனவரி 26 காலை 8.46க்குக் குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவில் நிலம் நடுங்கியது. அகமதாபாத் அந்த மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில், சென்னையைப் போலவே மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. அங்கே பல அடுக்ககங்கள் விழுந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு: கீழே சுவரே இல்லாத வண்டி நிறுத்துமிடம், மேலே சுவர்கள் நிறைந்த வீடுகள். சபர்மதியின் வண்டல் மண் மேல் நின்றவை கூடுதலாக அடிபட்டன.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன இளைஞன். ஆய்வுக் குழு ஒன்றோடு போயிருந்தேன். ஒரு கட்டடத்தின் முதல் மாடிச் சமையலறைக்குள் தெருவிலிருந்து நேராகக் காலெடுத்து வைத்து நுழைந்தோம். சுவர் டைல்ஸில் ஒரு கீறல் இல்லை. மேடையில் எண்ணெய்த் தூக்கு அப்படியே இருந்தது. அந்தச் சமையலறைக்குக் கீழே இருந்திருக்க வேண்டிய தளம்தான் இல்லை. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், நசுங்கிய கார்களுக்கு நடுவே ஒரு தூணின் அடிப்பகுதி தெரிந்தது: செங்குத்துக் கம்பிகள் மூங்கில் கூடைப் பிளாச்சுபோல வெளியே பிதுங்கியிருந்தன, அவற்றைச் சுற்றிக் கட்டியிருந்த 6 மில்லிமீட்டர் ரிங்குகளின் கொக்கி விரிந்து ஒரு முனை காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்த கான்கிரீட் துண்டு கெட்டியாகத்தான் இருந்தது.

மரக்கால் கட்டி ஆடுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்புக்கு மேல் உடல் விறைப்பாக நிற்கும், தடுமாற்றமெல்லாம் காலில்தான். உங்கள் மேல்மாடிகளில் செங்கல் சுவர்கள் தூண்களுக்கு இடையே நெருக்கமாக நிற்பதால், அந்த நான்கு தளங்களும் ஒரே பெட்டிபோலச் சேர்ந்து நகரும். நிலம் பக்கவாட்டில் ஆடும்போது முழுக் கட்டடமும் வளைய வேண்டிய வளைவை ஸ்டில்ட்டின் இருபது தூண்கள் மட்டும், ஏறக்குறைய தலையிலும் காலிலும், வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே நாம் கேட்க வேண்டியது, அந்தத் தூண்களின் தலைப்பகுதியும் அடிப்பகுதியும் எத்தனை முறை இப்படியும் அப்படியும் வளைந்த பிறகும் மேலே உள்ள சுமையைக் கீழே விடாமல் பிடித்திருக்கும் என்பதே.

சுத்தியல் சொல்வதும் சொல்லாததும்

ரீபவுண்ட் சுத்தியல், கான்கிரீட்டின் மேற்பரப்பு எவ்வளவு கடினம் என்று மட்டும் சொல்லும் கருவி. முப்பதாண்டுக் கான்கிரீட்டின் மேல்தோல் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இறுகிப்போயிருக்கும். அதில் தட்டினால் உள்ளே இருப்பதைவிடக் கூடுதலான எண்ணே வரும். பூச்சை உடைக்காமல் தட்டியிருந்தால் அளந்தது பூச்சை. இவை எல்லாம் சரியாகச் செய்யப்பட்டு எம்20 என்பது உண்மையாகவே இருந்தாலும், அது பொருளைப் பற்றிய செய்தியே தவிரக் கட்டடத்தைப் பற்றியது அன்று. ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, அதன் கொக்கி 90 பாகையில் மடக்கியதா, 135 பாகையில் உள்ளே திருப்பியதா, கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்த இடம் தரைக்கு மேலேயே இருக்கிறதா, பீமும் தூணும் சந்திக்கும் முடிச்சுக்குள் ரிங் இருக்கிறதா என்று எதுவும் சுத்தியலுக்குத் தெரியாது. அகமதாபாத்தில் நான் கையில் எடுத்த துண்டும் கெட்டியாகத்தான் இருந்தது என்றேனே, அதற்காகத்தான்.

இப்போது உங்கள் தாளுக்கு வருகிறேன். பழைய கான்கிரீட் கட்டடங்களை மதிப்பிடுவதற்கென்றே 2013இல் ஐ.எஸ். 15988 என்ற விதி வந்தது. அதன் முதற்கட்டச் சோதனைகளில் ஒன்றை நீங்கள் தந்த அளவுகளை வைத்துப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எளிது; சங்கக் கூட்டத்தில் பலகையில் எழுதிக்காட்டலாம்.

இந்த அளவுக் கட்டடம் சுமார் 1,500 டன் இருக்கும் என்று கொள்வோம். மூன்றாம் மண்டலத்தின் எண் 0.16, வடிவமைப்புக்கு அதில் பாதி, 0.08. இந்த உயரக் கட்டடத்துக்கு 2.5ஆல் பெருக்க வேண்டும். வளைந்துகொடுக்கும் சிறப்புக் கம்பிக்கட்டு இல்லாத சட்டகம் என்பதால் 3ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 0.067, அதாவது எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பங்கு. 1,500 டன்னுக்கு 100 டன் பக்கவாட்டு விசை. இருபது தூண்களின் மொத்தக் குறுக்குப் பரப்பு 2.07 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 0.48 நியூட்டன். ஒவ்வொரு வரிசையின் ஓரத் தூணும் முழுப் பங்கைச் சுமக்காது என்பதற்கான திருத்தத்தைச் சேர்த்தால் ஒரு திசையில் 0.60, மறு திசையில் 0.64. மீதமுள்ள ஆயுள் குறைவு என்பதற்காகப் பழைய கட்டடங்களுக்கு விதி தரும் சலுகையை முழுமையாகக் கொடுத்து 0.7ஆல் பெருக்கினாலும் 0.42, 0.45 என்று நிற்கிறது. வரம்பு 0.40.

இதைப் பார்த்து யாரும் மூட்டை கட்ட வேண்டாம். வரம்பைச் சற்றே தாண்டியிருக்கிறது. எடையை நான் குத்துமதிப்பாகத்தான் வைத்திருக்கிறேன். இந்தச் சோதனையில் தேறாத கட்டடம் விழும் என்று விதி சொல்லவில்லை, விரிவான மதிப்பீட்டுக்குப் போ என்றுதான் சொல்கிறது. இன்னொரு பக்கமும் உண்டு: கீழ்த்தளம் திறந்திருக்கும் குறையையும், எல்லாத் தூண்களும் ஒரே திசையைப் பார்த்து நிற்பதால் மறு திசையில் 9 அங்குலம்தான் எதிர்த்து நிற்கிறது என்பதையும் இந்தச் சராசரிக் கணக்கு பார்க்கவே இல்லை. ஆகவே சான்றிதழைச் சட்டகம் போட்டு அலுவலக அறையில் மாட்ட வேண்டாம் என்பதே என் கருத்து.

விரிவான மதிப்பீட்டில் என்ன நடக்கும்?

பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர்களில், பழைய கட்டடங்களை மதிப்பிட்ட அனுபவம் உள்ளவரைத் தேடுங்கள். சென்னைவாசிகளுக்கு இந்தத் துறையில் ஆள் பஞ்சம் இல்லை. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது, கிண்டியிலும் அடையாற்றிலும் பல்கலைக்கழகத் துறைகள் இருக்கின்றன. சோதனை நிறுவனமும் பொறியாளரும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள். ரத்தப் பரிசோதனைக் கூடம் மருத்துவர் ஆகிவிடாது.

அவர் முதலில் கேட்க வேண்டியது வரைபடம். உங்களிடம் இல்லை என்பதால், இருப்பதை அளந்து புதிதாக வரைய வேண்டும். கம்பி கண்டறியும் கருவியால் தூண்களிலும் பீம்களிலும் கம்பிகளின் இடைவெளியைப் பதிவு செய்வார்கள். ஸ்டில்ட்டில் இரண்டு மூன்று தூண்களில் அடியிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மேல்காரையைக் கொத்தி எடுத்து, ரிங்கையும் அதன் கொக்கியையும் கண்ணால் பார்க்க வேண்டும். குடியிருப்பவர்கள் இதைத்தான் எதிர்ப்பார்கள். நல்ல தூணை ஏன் உடைக்கிறீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள். அன்றே மூடிவிடக்கூடிய காயம் அது. இன்றைய விதிப்படியான தூணில், அடியிலும் தலையிலும் ரிங்குகள் 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல், கொக்கி உள்பக்கம் திரும்பி இருக்க வேண்டும். உங்கள் காலத்துக் கட்டடங்களில் நான் வழக்கமாகப் பார்ப்பது 8 அல்லது 9 அங்குலத்துக்கு ஒரு மெல்லிய ரிங், கொக்கி வெறும் செங்கோணத்தில். அதோடு கான்கிரீட்டைத் துளைத்துச் சில உருளைத் துண்டுகளை (கோர் மாதிரிகள்) எடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும். ஏரி மண் என்பதால் ஒரு மண் பரிசோதனையும் தேவை. நிலத்தடி நீர் உயர்ந்து நிற்கும் தளர்ந்த மணலாக இருந்தால், அதிர்வில் அது குழம்பாகிவிடும் அபாயம் உண்டு. களிமண் என்றால் ஆட்டம் பெருகும். இரண்டுக்கும் மருந்து வேறு.

இவை கையில் வந்த பிறகுதான் கணினியில் கட்டடத்தின் மாதிரியை உருவாக்கி, பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, எந்தத் தூண் எப்போது தளர்கிறது, எந்தக் கட்டத்தில் மொத்தமும் கைவிடுகிறது என்று பார்ப்பார்கள். பொறியாளரை நியமிக்கும்போதே, எந்த அளவு செயல்பாட்டை எதிர்பார்க்கிறீர்கள் என்பதை எழுத்தில் தந்துவிடுங்கள். நடுக்கம் முடிந்ததும் உடனே குடியிருக்கலாம் என்பது ஒரு நிலை. கட்டடம் சேதமாகும், ஆனால் எல்லோரும் உயிரோடு வெளியே வரலாம் என்பது இன்னொன்று. விழாமல் நிற்கும், அதற்கு மேல் உறுதி இல்லை என்பது கடைசி. மருத்துவமனைக்கு முதலாவது வேண்டும். பதினாறு நடுத்தரக் குடும்பங்களின் பழைய வீட்டுக்கு இரண்டாவதே நியாயமான இலக்கு என்று நினைக்கிறேன். நிலநடுக்கத்தில் எதுவுமே ஆகாத கட்டடம் என்று யாராவது விற்க வந்தால் விலகிப்போங்கள். புதுக் கட்டடங்களுக்கான விதியேகூடப் பெரிய நடுக்கத்தில் விரிசல்களை அனுமதித்து, விழாமல் இருப்பதைத்தான் கேட்கிறது.

மூன்று யோசனைகளும்

மொட்டை மாடி அறைகள் வேண்டாம். மேலே ஏறும் ஒவ்வொரு டன்னும் கீழே தூண் வாங்கும் விசையைக் கூட்டும். உயரத்தில் இருப்பதால் கூடுதலாகவே கூட்டும். கணக்கு ஏற்கெனவே வரம்பில் தொங்கும் கட்டடத்தில் இதைப் பற்றிப் பேசுவதே வீண். மேல்மாடிக்காரருக்குச் சான்றிதழைக் காட்டி வாதாட உரிமை உண்டு. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதையும், திட்ட அனுமதி இல்லாத தளம் எப்போதும் தலைவலி என்பதையும் ஒரு வழக்கறிஞர் வாயால் கேட்டால் அடங்கிவிடுவார்.

பொருளாளரின் யோசனையில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது அதிக ஆபத்தானது. ஸ்டில்ட்டை விறைப்பாக்க வேண்டும் என்பது சரி. ஆனால் பின்பாதியை மட்டும் செங்கலால் மூடினால், விறைப்பு முழுவதும் பின்பக்கம் சேர்ந்துவிடும். நிலம் ஆடும்போது கட்டடம் கீலில் மாட்டிய கதவுபோலப் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முன்பக்கமாகச் சுழலும், முன்வரிசைத் தூண்கள்தான் அந்தச் சுழற்சியைத் தின்னும். வெறும் செங்கல் சுவர் முதல் சில ஆட்டங்களிலேயே குறுக்காகப் பிளந்து வெளியே சரிந்துவிடவும் கூடும். உங்கள் புகைப்படம் ஒன்றில், ஜெனரேட்டரைச் சுற்றி இரண்டு தூண்களுக்கு இடையே இடுப்பளவுச் சுவர் ஒன்று தெரிகிறது. அதையும் கவனியுங்கள்: பாதி உயரத்துக்குப் பிடிபட்ட தூண், மீதிப் பாதியில் மட்டும் வளைய வேண்டியிருப்பதால், குட்டைத் தூணாகி வெட்டுண்டுபோகும். பொறியாளரைக் கேட்டு அந்தச் சுவரை எடுத்துவிடவோ, தூணிலிருந்து விலக்கி இடைவெளி விடவோ செய்யலாம். தவிர, வண்டி நிறுத்துமிடம் என்று அனுமதி வாங்கிய இடத்தை அறையாக்குவது விதிமீறல்.

பொருளாளர் நினைப்பதைச் சரியாகச் செய்யும் வழி இருக்கிறது. ஸ்டில்ட்டின் நான்கு ஓரங்களிலும், இரு திசைகளிலும் சமமாக இருக்கும்படி, தேர்ந்தெடுத்த சில இடைவெளிகளில் அடித்தளத்திலிருந்தே கம்பி கட்டிய கான்கிரீட் சுவர்களை எழுப்புவது ஒன்று. 2016இல் திருத்திய ஐ.எஸ். 1893, கீழ்த்தளம் திறந்திருக்கும் புதிய கட்டடங்களுக்கே இப்படிப்பட்ட சுவரையோ குறுக்குச் சட்டங்களையோ கேட்கிறது. தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுத் தடிப்பாக்கும் ஜாக்கெட்டிங் மற்றொன்று. இரண்டையும் சேர்த்தும் செய்வார்கள். நாலைந்து கார் நிறுத்துமிடங்களின் அகலம் குறையலாம், சண்டை அங்கேதான் வரும். ஆனால் வேலை முழுவதும் தரைத்தளத்திலேயே முடிவதால் ஒரு குடும்பமும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்காது. ஜாக்கெட்டிங் செய்தால் தூணின் புதுக் கம்பிகளை அடித்தளத்திலும் மேல் பீம் முடிச்சிலும் கோத்துவிட வேண்டும். தரைக்கும் கூரைக்கும் இடையே சட்டை போட்டுவிட்டு விட்டுவிட்டால், பலவீனமான இடம் அப்படியே இருக்கும், செலவு மட்டும் மிஞ்சும். மேற்பார்வைக்குப் பொறியாளர் இல்லாமல் மேஸ்திரியிடம் இந்த வேலையை ஒப்படைக்காதீர்கள்.

இடித்துக் கட்டுவதைப் பற்றி: 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022இன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் சாத்தியம், பதினாறில் பதினொன்று. சட்ட நுணுக்கங்களுக்கு வழக்கறிஞரைக் கேளுங்கள். என் கவலை வேறு: பேரம் பேசும் மேசையில் பயந்துபோய் உட்காருபவருக்கு நல்ல ஒப்பந்தம் கிடைக்காது. விரிவான மதிப்பீடு கையில் இருந்தால், வலுவூட்டச் செலவு இவ்வளவு, கட்டடத்தின் மீதி ஆயுள் இவ்வளவு என்று தெரிந்த பிறகு பேசலாம். தூண் கம்பிகள் பரவலாகத் துருப்பிடித்து, அடித்தளமும் சரியில்லை என்று அறிக்கை சொன்னால் நானே இடிக்கச் சொல்வேன். வெறும் ஸ்டில்ட் குறை மட்டும் என்றால், முப்பதாண்டுக் கட்டடத்தை அதற்காக இடிப்பது எனக்கு ஒப்பவில்லை. கட்டித் தந்தவர்மீது இப்போது வழக்கு போடலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டமைப்புக் குறைக்குத் தரும் பொறுப்பே வீட்டை ஒப்படைத்து ஐந்தாண்டு வரைதான். அந்த வழியில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

இரண்டாம் மாடி அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அவர் அனுப்பச் சொன்ன படத்தைப் பார்த்தேன். பீமின் அடியை ஒட்டி, நேர்கோட்டில், நகம் நுழையாத அளவுக்கு ஓடும் விரிசல் அது. கான்கிரீட்டும் செங்கல் சுவரும் வெயிலுக்கும் குளிருக்கும் வேறு வேறு அளவில் சுருங்கி விரிவதால் அவை சேரும் இடத்தில் பூச்சு பிரிவது. சுவர் சார்ந்தது, தூண் சார்ந்தது அன்று. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் தாண்டியிருந்தால் சொல்லுங்கள். அவர் தைரியமாக வீட்டுக்குத் திரும்பலாம். எனக்கு உறுத்தியது நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட வேறொன்று: சம்ப் பக்கத்துத் தூணின் அடியில் பூச்சு உப்பிக் காவி நிறம் கசிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கம்பி துருப்பிடிப்பதன் அடையாளம். துரு ஏறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். மெல்லிய ரிங்குதான் முதலில் கரைந்துபோகும். கொத்திப் பார்க்கும் தூண்களில் முதல் தூணாக அதை வைக்கச் சொல்லுங்கள். சம்ப்பின் கசிவையும் அடைக்க வேண்டும்.

மதிப்பீடு முடியும் வரை செய்யக்கூடியவை சில உண்டு. மொட்டை மாடியில் காலில் நிற்கும் பழைய தண்ணீர்த் தொட்டியை யாரும் கண்டுகொள்வதில்லை. 10,000 லிட்டர் என்றால் பத்து டன், மிக உயரத்தில், மிக மெல்லிய கால்களில். அந்தக் கால்களையும் பொறியாளரின் பட்டியலில் சேருங்கள். கைப்பிடிச் சுவரை ஒட்டி அடுக்கிய பூந்தொட்டிகளைக் கீழே இறக்குங்கள். நிலநடுக்கத்தில் தெருவில் இறப்பவர்கள் பலர் இப்படி மேலிருந்து விழும் பொருள்களால்தான் இறக்கிறார்கள். வீடுகளுக்குள் உயரமான பீரோக்களைச் சுவரோடு ஆணியடித்துப் பிணைப்பதற்குப் பொறியாளர் தேவையில்லை. பாரத் கிருஹ ரக்ஷா என்ற பெயரில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கச் சேதமும் அடங்கும். நிலத்தின் சந்தை விலைக்கு எடுக்காமல், கட்டடத்தை மறுபடி கட்டும் செலவுக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஒரே ஒரு தீர்மானம் கொண்டுபோங்கள்: விரிவான மதிப்பீட்டுக்குக் கட்டமைப்புப் பொறியாளரை நியமிப்பது, அறிக்கை வரும் வரை மற்ற மூன்று யோசனைகளையும் ஒத்திவைப்பது. செலவைப் பதினாறாகப் பிரித்தால் சண்டை வராத தொகையாகவே இருக்கும். மேல்மாடிக்காரர் முறைப்பார், கீழே இருபது தூண்களும் அவருக்கும் சேர்த்துத்தான் நிற்கின்றன என்று நீங்கள் அளந்த தாளைக் காட்டுங்கள். அறிக்கை வந்ததும், ரிங் இடைவெளி எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் எனக்குப் படம் பிடித்து அனுப்பினால் போதும். ஜாக்கெட்டிங்கா, சுவரா என்று அப்போது சொல்கிறேன்.